கோதாவரி பிறக்கும் இடம்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி வேறு. கண்ணை மூடுவதற்குள் நாசிக் பக்கத்துத் திரியம்பகேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போய் கோதாவரி பிறக்கும் இடத்தைப் பார்க்கணும் என்கிறார். நதி கோயிலுக்குள்ளேயே பிறக்கிறதா, மலை ஏற வேண்டுமா?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள், மலை மட்டும் வேண்டாம். நதி பிறப்பது கோயிலுக்குப் பின்னால் நிற்கிற பிரம்மகிரியில். அதற்கு 700-க்கும் மேற்பட்ட கல்படிகள், முட்டிவலியோடு ஏறிவிட்டாலும் இறங்கும்போதுதான் பாடு தெரியும். மலையில் கோதாவரியாகத் தோன்றிய கங்கை மறைந்து மறைந்து போகப் பார்க்க, கௌதம முனிவர் தர்ப்பையைப் போட்டு வளைத்து நிறுத்திய இடம்தான் குசாவர்த்தத் தீர்த்தம் என்பது ஐதீகம். குசம் என்றால் தர்ப்பை. அந்தக் குளம் ஊருக்குள்ளேயே, கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அம்மா அங்கே நீராடினால் போதும்.

அப்புறம், சந்நிதி. நம்மூர் சிவன் கோயில் மாதிரி லிங்கத்தின் பாணம் நிமிர்ந்து நிற்காது. அடிப்பீடமான ஆவுடையாரில் உரல்குழி போல ஒரு பள்ளம், அதற்குள் கட்டைவிரல் அளவில் பிரம்மா, விஷ்ணு, சிவன் என மூன்று சிறு லிங்கங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் குழிக்குள் இருப்பது தெரியாது, மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில்தான் தெரியும். வரிசையில் சில நொடிதான் கிடைக்கும் என்பதால் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். அவ்வளவு தூரம் போய் எதையும் பார்க்காமல் திரும்பிய பெரியவர்களின் முகவாட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் ஏறி கல்யாணில் இறங்கி, வேறு ரயிலில் நாசிக் ரோடு போய்விடலாம். அங்கிருந்து பஸ், டாக்ஸி இரண்டும் உண்டு. ஆடி, ஆவணியில் அங்கே மழை கொட்டும். 2027-ல் கும்பமேளா, அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. அங்கே கிளம்பும் கோதாவரி சுமார் 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேர்கிறது, அதன் ஒரு கிளை நம் புதுச்சேரி மாநிலத்து ஏனாமைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அந்தக் கிளைக்குப் பெயர் கௌதமி, அதே கௌதமர் பேர்தான். சரி, குசாவர்த்தத்தில் ஒரு சின்னச் செம்பில் தண்ணீர் பிடித்து வாருங்கள். பாதி வீட்டுப் பூஜைக்கு இருக்கட்டும், மீதியை ஏனாம் போகிற அன்றைக்கு அம்மா கையாலேயே கௌதமியில் விடச் சொல்லுங்கள்.