மூன்று டிவி, ஒரே டிஷ்: பாதி சேனல் ஏன் போகிறது?

காட்பாடி நண்பரே, ரெக்கார்டர் பாக்ஸ் வந்ததும் மாடி டிவியில் பாதி சேனல் போனதற்கு, ஒரே கேபிளை இரண்டு பாக்ஸுக்குப் பிரிக்க நீங்கள் போட்ட ஸ்ப்ளிட்டர்தான் காரணம், பாக்ஸை மாற்றாதீர்கள். டிஷ்ஷின் முன்னே சிக்னலைப் பிடிக்கும் கருவியான எல்.என்.பி.க்கு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் ஒரு போலரைசேஷனில் (அலை அதிரும் திசை) வரும் சேனல்கள் கிடைக்கும், 18 அனுப்பினால் இன்னொன்றில் வருபவை. ஒரே கேபிளில் இரண்டு பாக்ஸ் இருந்தால் 18 கேட்பதுதான் ஜெயிக்கும், மற்றதில் ‘நோ சிக்னல்’.

நான்கு அவுட்புட் உள்ள குவாட் எல்.என்.பி. போடுங்கள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிய ரெக்கார்டருக்கு இரண்டு கேபிள், மற்ற டிவிகளுக்குத் தலா ஒன்று. கேபிள், டிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் ஆர்.ஜி.6 வகையே போதும். மொட்டைமாடியில் பைப்புக்குள் விடுங்கள், வேலூர் வெயிலில் மேலுறை வெடித்து மழைநீர் இறங்கிவிடும்.

பதிவு பெரும்பாலும் அந்த பாக்ஸிலேயே பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு டிவியில் போட்டால் ஓடாது. பதிவை மாடியிலும் பார்க்க, பாக்ஸின் படத்தை கேட்-6 (நெட்வொர்க்) கேபிளில் அங்கே கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. எக்ஸ்டெண்டர் வாங்குங்கள், ரிமோட் சிக்னலும் கடத்தும் வகையாக.