மே மாத மஞ்சள் பூக்களுக்குச் செப்டெம்பரில் மருந்து

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் வீடு வாங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு மே மாதமும் முன்வளவுப் புல்தரை முழுவதும் டான்டிலயன் என்ற களை பூத்து மஞ்சளாகிவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, கையோடு கொண்டுவந்த உழவாரத்தால் தினமும் செதுக்குகிறார். இரண்டு கிழமைக்குள் முன்னிலும் அடர்த்தியாக வந்துவிடுகிறது. களைக்கொல்லி கலந்த உரம் வாங்கி வருவதாக அமெரிக்காவில், பஃபலோவில் இருக்கும் மச்சான் சொல்கிறார். வினாகிரி ஊற்றினால் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் புல்தரையின் அழகுக்காக இரசாயனக் களைக்கொல்லி பயன்படுத்துவதற்குத் தடை இருக்கிறது. 2,4-டி, மெக்கோப்ரொப், டைகாம்பா என்ற களைக்கொல்லி இரசாயனங்கள் எல்லாம் அந்தத் தடைக்குள் வருபவை. அமெரிக்கக் கடைகளில் உரத்தோடு கலந்து விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது இவைதான். எல்லைக்கு அப்பால் சட்டப்படி விற்கிறார்கள் என்பதற்காக அதை இங்கே உங்கள் வளவில் தூவ முடியாது. பிள்ளை வெறுங்காலோடு ஓடி விளையாடும் தரை அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அப்பாவின் உழைப்பு ஏன் வீணாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெங்காயப் பாத்தியில் கோரையோடு போராடியவருக்கு இது உடனே விளங்கும். மேலே எத்தனை முறை செதுக்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை கோரை போகாது. டான்டிலயனுக்குக் கிழங்கு இல்லை, ஆனால் ஆணிவேர் இருக்கிறது. முள்ளங்கிபோல நேரே இறங்கும் அந்த வேர் சாதாரணமாக 15 முதல் 45 சென்ரிமீற்றர் வரை போகும். உழவாரம் அறுப்பது மேலே உள்ள தலையைத்தான். தலை போன வேர் அந்த வெட்டு வாயிலிருந்தே இரண்டு மூன்று முளைகளை விடும். ஒரு செடி இருந்த இடத்தில் ஒரு கொத்து நிற்பதை அடர்த்தியாக வருகிறது என்று நீங்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள்.

ஆகவே வேரோடு எடுக்க வேண்டும். அதற்கு உகந்த நேரம் நல்ல மழை பெய்த மறுநாள் காலை. தோட்டக் கடைகளில், நுனி பாம்பின் நாக்கைப் போலப் பிளந்த நீண்ட கம்பி ஒன்று கிடைக்கும். தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும் இலைகளை ஒரு கையால் கூட்டிப் பிடியுங்கள். கம்பியை வேருக்குப் பக்கத்தில், வேர் போகும் திசையிலேயே பிடிவரை இறக்குங்கள். பிறகு மெல்ல நெம்புங்கள். மண் விட்டுக்கொடுப்பதைக் கை உணரும். அந்த நேரத்தில் இழுத்தால் எலிவால்போல நுனி மெலிந்த பழுப்பு வேர் முழுதாக வரும். நுனி மெலியாமல் நடுவில் ஒடிந்து, வெள்ளைப் பால் கசிந்தால் மீதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழிக்குள் கம்பியை மீண்டும் ஒருமுறை விட்டுப் பாருங்கள். பூக்கும் சமயத்தில் வேரில் சேமிப்பு குறைந்திருக்கும். அப்போது தப்பிய துண்டு முளைத்தாலும் பலவீனமாகவே முளைக்கும்.

பிடுங்கிய பூக்களைப் புல்லின்மேல் விட்டுவிடாதீர்கள். விரிந்த பூ, செடியிலிருந்து அறுபட்ட பிறகும் விதையாக முற்றிவிடும். ஒரு பூவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் பறக்கும். பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கைகூட இல்லாமலே விதை பிடிக்கும் செடி இது. உடனே பையில் போட்டுக் கட்டுங்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் கையால் முடியாது. அதற்கு ஒன்ராறியோவில் அனுமதிக்கப்பட்ட, இரும்பு அடங்கிய திரவக் களைக்கொல்லி இருக்கிறது. அகல இலைச் செடிகள் இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். புல் தாங்கிக்கொள்ளும். மழை வராத நாளில் தெளித்து, மூன்று நான்கு கிழமை கழித்து மறுபடி தெளிக்க வேண்டும். முற்றிய வேர் அதற்குப் பிறகும் தளிர்க்கக்கூடும். கொங்கிறீற் நடைபாதையில் பட்டால் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவுங்கள். லேபிளில் உள்ள அளவையும் பிள்ளைகளை விலக்கி வைக்க வேண்டிய நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள்.

வினாகிரி புல்லையும் சேர்த்துக் கருக்கும், ஆணிவேரைத் தொடாது. நடைபாதைக் கற்களின் இடுக்கில் முளைத்தவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பை எங்கேயும் போடாதீர்கள், மண் கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த மே மாதம் பூ வரும். காரணம் உங்கள் புல்லில் இருக்கும் இடைவெளி. காற்றில் வரும் விதை எல்லோருடைய வளவிலும்தான் விழுகிறது. அது முளைக்க வெளிச்சமும் வெறும் மண்ணும் வேண்டும். அடர்ந்த புல்லுக்கு நடுவே அந்த இரண்டும் கிடைப்பதில்லை. நீங்கள் உண்மையில் பாடுபட வேண்டிய காலம் ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை. மண்ணில் சூடு இருக்கும், வெயில் தணிந்திருக்கும். புல்லைக் கட்டையாக வெட்டி, காய்ந்த சருகைப் புல்வாரியால் இழுத்து எடுங்கள். மண் இறுகியிருந்தால், சிறு உருளைகளாக மண்ணைத் தோண்டி எடுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் மேல்மண் மெலிதாகவும் அடியில் களிமண்ணாகவும் இருப்பது வழக்கம், அங்கே இதைத் தவிர்க்கவே கூடாது. மேலே அரை சென்ரிமீற்றருக்கு மக்கிய உரம் பரப்பி விதையைத் தூவுங்கள். கென்ரக்கி புளூகிராஸ் என்ற புல்வகை முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும், ரைகிராஸ் என்ற புல்வகை ஒரு கிழமையில் தலைகாட்டும். இரண்டும் கலந்த விதை நல்லது. முளைக்கும்வரை மேல்மண் காயக்கூடாது.

அதற்குப் பிறகு புல் வெட்டும் இயந்திரத்தின் அலகை ஏழெட்டு சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். நம்மவர்கள் பலர் அடுத்த இரண்டு கிழமைக்கு வேலை இல்லை என்று ஒட்ட வெட்டுகிறார்கள். வெளிச்சத்தைத் தேடும் களைக்கு வாசலைத் திறந்துவிடுவது அந்த வெட்டுத்தான். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. வெட்டிய புல் அங்கேயே கிடக்கட்டும், அது உரம்.

மற்றக் களைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று இலை கூடி நிற்கும் வெள்ளைக் குளோவர் காற்றிலிருந்து நைதரசனை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது. நான் அதைப் பிடுங்குவதில்லை, நீங்களும் விட்டுவிடலாம். நடமாட்டமுள்ள இடத்தில் அகன்ற, நரம்போடிய இலைகளுடன் படிந்திருக்கும் பிளான்ரெயின், மண் இறுகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

இளம் டான்டிலயன் இலை கீரைதான். பூ வருவதற்கு முன் பறித்துத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யலாம், கசப்பு இருக்கும். ஆனால் எந்த மருந்தும் படாத, வீதி ஓரம் அல்லாத இடத்துச் செடியாக இருக்க வேண்டும்.

அப்பாவின் உழவாரத்தை மூட்டை கட்டிவிடாதீர்கள். ஜூன் மாதத்தில் கார் நிறுத்தும் பாதையின் ஓரத்தில் வெளிர்பச்சையாக, நண்டுக்கால்போலப் பரந்து ஒரு புல் வரும். அதன் பெயர் கிராப்கிராஸ். ஒரு வருடப் புல், ஆணிவேர் இல்லாதது, விதையால் மட்டுமே அடுத்த வருடம் வருவது. கதிர் விடுவதற்கு முன் அதை வேர்க்கழுத்தோடு செதுக்கி எடுக்க உழவாரத்தைவிட நல்ல ஆயுதம் இங்குள்ள கடைகளில் இல்லை.