“பேருக்கு நில்லு, நான் பாத்துக்கிறேன்” என்கிறார் கணவர்

கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அடுத்த தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் கணவர் பல வருடங்களாக ஊர்க் காரியங்களில் முன்னால் நிற்பவர். “நீ பேருக்கு நில்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்கிறார். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். மகளிர் குழுவில் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நானே வேலை செய்ய ஆசை இருக்கிறது. ஆனால் கிராம சபையில் இதுவரை வாய் திறந்ததில்லை. பெண்களுக்கு அரசியல் ஒத்துவராதோ என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசியாகக் கேட்ட சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 தொகுதிகளில் ஜெயித்த பெண்கள் 12 பேர். வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அரசியல் ஒத்துவராது என்றால் யார் நம்புவது? தடை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் கிராம சபையையே நினைத்துப் பாருங்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஆண்கள், ஓரமாகத் தரையில் பெண்கள். கூட்டம் தொடங்குமுன்பே வருகைப் பதிவேடு சுற்றி வந்துவிடும். அலுவலகத்திலிருந்து வந்த கூட்டப்பொருள்களைச் செயலர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஊர்க்காரர்கள் கேட்க நினைப்பது எல்லாம் கடைசியில், ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பில் வரும். அதற்குள் மதியச் சமையலுக்கு நேரமாகி, கையெழுத்துப் போட்ட பெண்களில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். நீங்கள் பேசாமல் இருந்ததற்குக் கூச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் அடுப்படியும் அந்தக் கூட்டத்தின் வரிசையும்.

தலைவர் பெண்ணாக இருந்தால் என்ன மாறும் என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவாகியிருந்தது. பெண்கள் அதிகம் மனுக்கொடுத்ததும் குடிநீருக்குத்தான். தண்ணீர் சுமப்பவள் யாரோ அவளுக்குத்தானே மோட்டார் காயில் எரிந்துபோன நாள் மறக்காது!

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது 2016-ல் 50 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் பதவியைக் கொடுக்கும் சட்டம், வீட்டுக்குள் யார் சொல் எடுபடும் என்பதை மாற்றிவிடுவதில்லை. வடக்கே ‘பிரதான் பதி’ என்பார்கள், நம் ஊரில் ‘தலைவரோட வீட்டுக்காரர்’. இரண்டும் ஒன்றுதான்: கையெழுத்து மனைவியுடையது, முடிவு கணவருடையது.

இதில் ஆபத்து யாருக்கு என்பதை உங்கள் கணவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் தலைவரின் கணவர் என்று ஒரு பதவியே கிடையாது. போடாத சாலைக்குப் பில் போனால் தணிக்கைத் தடை, அதாவது அந்தச் செலவை ஏற்க முடியாது என்ற தணிக்கைக் குறிப்பு, உங்கள் பெயரில் வரும். பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்வதும் உங்களிடம்தான். பிரிவு 205-இன் கீழ் பதவி நீக்க நோட்டீஸை மாவட்ட ஆட்சியர் உங்கள் பெயருக்குத்தான் அனுப்புவார். “அவர் சொன்னார், நான் போட்டேன்” என்ற பதில் அங்கே செல்லாது. அவருக்கு உங்கள்மேல் அக்கறை இருந்தால் இந்த ஒரு விஷயமே அவரை யோசிக்க வைக்கும்.

வேட்புமனு போடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஜெயித்த பிறகு பேசினால் சண்டையாகிவிடும். தலைவரைத் தேடி ஆட்கள் வருவது பெரும்பாலும் காலை ஆறு முதல் ஒன்பது வரை: தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று. உங்கள் வீட்டில் சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அதே நேரம்தான். அந்த மூன்று மணி நேரத்தில் எதை அவர் செய்வார், எதை மாமியார் செய்வார் என்று ஒத்துக்கொள்ளாமல் மனு போடாதீர்கள். இது தீராவிட்டால் வாசலில் நின்று பதில் சொல்பவர் தானாகவே அவர் என்றாகிவிடும், ஒரு மாதத்தில் ஊரும் அவரையே தலைவர் என்று கூப்பிடும். அவருக்கும் செய்ய வேலை இருக்கிறது. பிரசாரத்துக்கு ஆள் சேர்க்கலாம், செலவுக் கணக்கு எழுதலாம், வண்டி ஓட்டலாம். இவை துணை நிற்பவர் செய்கிற வேலைகள்.

தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கடந்த தேர்தல்களில் டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 300. செலவு வரம்பு 2019-ல் 34,000 ரூபாய். மனு வாங்கும்போதே இந்த முறை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் உங்களுக்கு ஒதுக்கிய சின்னம் இருக்கும், கணவர் படம் இருக்காது. எனவே சுவரொட்டியில் அவர் படம் பெரிதாகவும் உங்கள் படம் ஸ்டாம்ப் அளவிலும் வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வீடு வீடாக நீங்களே போங்கள். மகளிர் குழுக்களில் ஏற்கெனவே உங்கள் கணக்குக்கு மரியாதை இருக்குமே, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜெயித்த முதல் வாரம் கவனமாக இருக்க வேண்டிய வாரம். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் தலைவரின் செல்போன் எண் கேட்பார்கள், பழக்கத்தில் வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்துவிடுவோம். அதோடு வாட்ஸ்ஆப் குழு, கூட்ட அறிவிப்பு, வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் பெயரில் தனி சிம் வாங்கி அந்த எண்ணை மட்டுமே கொடுங்கள். இணையவழிப் பணப் பட்டுவாடாவுக்குப் பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையொப்பக் கருவி உங்கள் பெயரில் வரும். அதையும் அதன் ரகசிய எண்ணையும் செயலரிடம்கூட விட்டுவைக்காதீர்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தால் குறுக்குக் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் நீங்கள் அறியாத தீர்மானங்கள் பிறகு முளைக்கும். பில் வந்தால் வேலை நடந்த இடத்துக்குப் போய் நீளம், அகலத்தைப் பாருங்கள். ஓவர்சியரின் அளவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள். ஒன்பது வருடம் குழுக் கணக்கு எழுதிய கைக்கு இது கஷ்டமே இல்லை.

அலுவலகத்தில் கணவர் வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால், எல்லார் முன்பும் எழுப்பி அவமானப்படுத்த வேண்டாம். முந்தைய இரவே வீட்டில் சொல்லுங்கள்: மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அவரும் உட்காரலாம், மன்றக் கூட்டத்துக்குள் வரக்கூடாது.

பலரும் கோட்டைவிடுகிற இடம் துணைத்தலைவர் தேர்தல். வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். காசோலையில் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். உங்கள் கணவரின் நண்பரோ, தோற்றுப்போனவரின் ஆளோ அங்கே வந்தால், கையெழுத்துப் போடாமலே டேங்க் ஆபரேட்டர் சம்பளத்தை நிறுத்திவைக்கலாம். அப்படி நடந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எந்தத் தேதியில் எந்தக் காசோலை மறுக்கப்பட்டது என்று எழுதி, பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தலைவி பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணாக இருந்து, மற்ற சாதியினர் அவரைப் பதவிப் பணி செய்யவிடாமல் தடுத்தால், அது 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாற்காலி தர மறுப்பதும் தேசியக்கொடி ஏற்றவிடாததும் ‘ஊர் வழக்கம்’ அல்ல.

கிராம சபைக்குத் தலைமை வகிப்பவர் நீங்கள்தான். ஏழு நாளுக்கு முன் அறிவிப்புக் கொடுக்கும்போதே நேரத்தைப் பெண்களிடம் கேட்டு வையுங்கள். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 100 பேர். அந்த நூறு வெறும் கையெழுத்தாக இருக்கக்கூடாது. குடிநீரை முதலில் எடுங்கள், பெண்கள் எழுந்து போவதற்குள் முடிவாகட்டும்.

தலைவரான பிறகுதான் பேச வேண்டும் என்பதில்லை. தேர்தல் நடக்கும்வரை ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை உண்டு. அடுத்து வருவதற்கு உங்கள் குழுப் பெண்கள் பத்துப் பேரோடு போங்கள். உங்கள் தெருவின் ஒரே ஒரு குறையை, எந்தக் குழாய், எத்தனை வீடு, எத்தனை நாளாக என்று அரைப் பக்கத்தில் எழுதி நீங்களே எழுந்து வாசியுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, தீர்மான எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளும்வரை பத்துப் பேரும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். அன்றைக்குச் சமையலை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.