ரேஷன் கடையில் பாகுபாடு: புகார் கொடுப்பவர்களும் விசாரிப்பவர்களும் கேட்டவை

சேலம் மாவட்டத்தில் குடிமைப் பொருள் வழங்கல் பிரிவில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அளவு குறைகிறது, பாமாயில் வரவில்லை என்ற புகார்களைக் கையாள்வதற்கு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் “என்னை மட்டும் வேறு மாதிரி நடத்துகிறார்கள்” என்று ஒருவர் வந்து நிற்கும்போது, அதையும் இருப்புக் குறைவுப் புகாராகவே எழுதி, “பொருள் வழங்கப்பட்டது” என்று குறிப்பிட்டு முடித்துவிடும் பழக்கத்தைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன்.

கேள்வி (ஓமலூர் அருகிலிருந்து): எங்கள் ஊரில் மாதத்தின் முதல் வாரத்தில் ஊர்த் தெருக்களுக்கும், 20ஆம் தேதிக்கு மேல் காலனிக்கும் பொருள் போடுகிறார்கள். கேட்டால், கூட்டத்தைக் குறைக்கத் தெருவாரியாகப் பிரித்திருக்கிறோம் என்கிறார் விற்பனையாளர். இதைப் பாகுபாடு என்று சொல்லலாமா ஐயா?

பதில்: முதலில் ஒரு சொல். அரசு ஆவணங்களிலிருந்து “காலனி” என்ற பெயர் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் மனுவில் குடியிருப்பின் பெயரையே எழுதுங்கள்.

தெருவாரியாகத் தேதி பிரிப்பதே தவறாகிவிடாது. பெரிய கடைகளில் அது தேவையும்கூட. பார்க்க வேண்டியது, அந்தத் தேதிகள் மாதத்துக்கு மாதம் மாறிவருகின்றனவா, இல்லை ஒரே குடியிருப்பு எப்போதும் கடைசியிலேயே நிற்கிறதா என்பதுதான். உங்கள் முறை வரும்போது 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் தீர்ந்துபோய், அரிசியும் சர்க்கரையும் மட்டுமே மிஞ்சுவது மூன்று நான்கு மாதங்களாகத் தொடர்கிறது என்றால், அதைக் கூட்ட மேலாண்மை என்று யாரும் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நிபந்தனைகளில் பொருள் விற்கப்படுகிறதோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் விற்க மறுப்பது, தீண்டாமையின் பேரில் செய்யப்பட்டால், தண்டனைக்குரிய குற்றம் என்று அது சொல்கிறது. பொருளே தரவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத் தந்த அதே நேரத்தில் தரவில்லை என்பதே இங்கே குற்றச்சாட்டு.

ஒருமுறை ஆய்வுக்குப் போயிருந்தபோது, முன்னறிவிப்பின்றிக் கடையின் ஓரத்தில் சற்று நேரம் நின்றேன். ஒரு பெண்மணி குடும்ப அட்டையை நீட்டினார். விற்பனையாளர் கையை நீட்டாமல், “அங்க வை” என்று மேசையைக் காட்டினார். அடுத்து வந்தவரின் அட்டையைக் கையிலேயே வாங்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் 20 கிலோ அரிசி சரியாகவே எடை போடப்பட்டது. பதிவேட்டைப் பார்த்தால் அந்தக் கடையில் ஒரு குறையும் இருந்திருக்காது.

கேள்வி (ஏற்காடு வட்டத்தின் ஒரு மலைக்கிராமத்திலிருந்து): நாங்கள் மலையாளி பழங்குடியினர். காப்பித் தோட்டத்தில் வேலை செய்து கை தேய்ந்துவிட்டதால் என் அம்மாவின் ரேகை இயந்திரத்தில் விழுவதில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். “மலைக்காரங்களுக்கு எல்லாமே பிரச்சனைதான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள்.

பதில்: இதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

ரேகை விழாதது அம்மாவின் குற்றமில்லை. பழம் பறித்து, கவாத்து செய்து, மண்ணிலும் புகையிலும் உழைத்த விரல்கள் தேய்ந்துதான் இருக்கும். ஆதார் சரிபார்ப்பு நடக்கவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள குடும்பத்துக்கு உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவு, பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் கடவு எண் போன்ற மாற்று வழிகளில் பொருள் வழங்கிவிட்டு, அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டியது கடையின் கடமை. அம்மாவால் நடந்து வர இயலாது என்றால், அவர் சார்பில் வாங்குபவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியது தனிப் புகார். சேலம் மாவட்டத்தில் மலையாளி சமூகம் பட்டியல் பழங்குடி என்பதால், பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்திருந்தால், பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பொருந்தக்கூடும். ஆனால் மலையில் பல கடைகளை பழங்குடியினருக்கான பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் (லேம்ப்) நடத்துவதால், விற்பனையாளரே அதே சமூகத்தவராக இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் அந்தச் சட்டம் பொருந்தாது. துறை நடவடிக்கை கேட்டு மனுக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை.

கேள்வி (தாரமங்கலம்): புகாரை யாரிடம் கொடுப்பது, எப்படி எழுதுவது?

பதில்: கட்டணமில்லாத 1967 எண்ணில் சொன்னால் பதிவாகும். ஆனால் பாகுபாட்டுப் புகாரைத் தொலைபேசியோடு நிறுத்திவிடாதீர்கள்; எதிர்முனையில் இருப்பவர் அதைத் தன் கணினியில் உள்ள ஏதோ ஒரு தலைப்பில் போட்டுவிடுவார். எழுத்து மனு ஒன்று கட்டாயம் வேண்டும். வட்ட வழங்கல் அலுவலரிடமோ, இரண்டாம் சனிக்கிழமைகளில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ கொடுக்கலாம். மலையில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வந்து ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பினாலே போதும்.

எழுதும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். “எங்களை இழிவாக நடத்துகிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று முடியும் மனுக்கள் நூற்றுக்கணக்கில் என் மேசைக்கு வந்தன. அவற்றில் உண்மை இருந்தது, ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லை. “5ஆம் தேதி காலை 10 மணிக்கு வரிசையில் எட்டாவதாக நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இருவருக்கும் பின்னால் வந்த மூவருக்கும் பருப்பு தரப்பட்டது. இருப்பு இல்லை என்று விற்பனையாளர் என்னிடம் சொன்னார். அன்றைய இருப்புப் பலகையில் பருப்பு 40 கிலோ என்று எழுதியிருந்தது” என்று எழுதுங்கள். அவர் சொன்ன சொற்களை, அவை எவ்வளவு கசப்பாக இருந்தாலும், சொன்னபடியே எழுதுங்கள். அட்டை எண், கடை எண், உடன் நின்றவர்கள் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து, மனுவின் முதல் வரியிலேயே “இது பாகுபாடு குறித்த புகார்” என்று குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பதில் வராவிட்டால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 காட்டும் வழி இருக்கிறது: 15ஆம் பிரிவின்படி மாவட்டக் குறைதீர் அலுவலர், அவருடைய முடிவு திருப்தியளிக்காவிட்டால் மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையீடு. மாவட்டக் குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றி வழங்காத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு 33ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தொகை சிறியதுதான், ஆனால் பணிப்பதிவேட்டில் அது ஏறுவதை யாரும் விரும்புவதில்லை.

கேள்வி (துறையில் புதிதாகச் சேர்ந்த ஓர் அலுவலர்): இத்தகைய புகார் ஒன்று விசாரணைக்கு என்னிடம் வந்திருக்கிறது. எப்படித் தொடங்குவது சார்?

பதில்: கேட்டதற்கே நன்றி தம்பி. முதலாவதாக, மனுவின் நகலை விற்பனையாளருக்கு அனுப்பி, “விளக்கம் பெற்று அனுப்பவும்” என்று எழுதாதீர்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மனுவை அப்படித்தான் அனுப்பினேன். மனுதாரரின் பெயர் அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுவாரம் அந்த அம்மாள் வந்து, அழுதுகொண்டே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். “மனுதாரர் திருப்தி” என்று கோப்பு மூடப்பட்டது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

ஆகவே மனுதாரரைத் தனியாக, கடைக்கு வெளியே, அவருக்கு வசதியான இடத்தில் சந்தியுங்கள். பெண் என்றால் பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்கட்டும். அவர் சொல்வதை எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெறுங்கள். அடுத்து, விற்பனை இயந்திரத்தின் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ரசீதும் எந்த நாளில், எத்தனை மணிக்குப் போடப்பட்டது, எந்த அட்டைக்கு என்னென்ன பொருள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்று மாதப் பதிவைக் குடியிருப்புவாரியாகப் பிரித்துப் பார்த்தால், யாருக்கு எப்போதும் பருப்பு கிடைத்தது, யாருக்கு எப்போதும் கிடைக்கவில்லை என்பது ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும். வாய்மொழிச் சாட்சிகள் பயந்து பின்வாங்கலாம்; இயந்திரம் பின்வாங்காது.

இருதரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதை ஊர்ப் பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். மறுத்துவிடுங்கள். எடைக் குறைவுக்குச் சமாதானம் உண்டு. தீண்டாமைக்குச் சமாதானம் பேசும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் வெளிப்பட்டால், துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் காவல் துறைக்கு எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. விதிகளின்படி, வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிப்பார்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): பீகாரிலிருந்து வந்து எங்கள் பட்டறையில் வேலை செய்யும் தொழிலாளிக்கு, “தமிழ் தெரியாதவனுக்கு இங்கே கிடையாது” என்று சொல்லி அரிசி மறுத்துவிட்டார்கள்.

பதில்: தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இணைந்துவிட்டது. அவரிடம் தம் மாநிலத்தின் முன்னுரிமை அட்டையோ, மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டையோ இருந்து, அது ஆதாருடன் இணைந்திருந்தால், இங்கே வாங்க அவருக்கு உரிமை உண்டு. மொழி ஒரு தகுதியே இல்லை. நீங்கள் உடன் சென்று அட்டை எண்ணைப் பதிந்து பாருங்கள். மறுத்தால், அவர் சார்பில் நீங்களே மனு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (சேலம் மாநகரிலிருந்து ஒரு திருநங்கை): தனியாக வசிக்கிறேன். வரிசையில் நின்றால் கேலி செய்கிறார்கள், விற்பனையாளரும் சிரிக்கிறார்.

பதில்: மன்னியுங்கள் அம்மா, இதை ஒருவரும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. பொதுமக்களுக்கான பொருள்களையும் சேவைகளையும் வழங்குவதில் பாகுபாடு காட்டுவதைத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019 தடை செய்கிறது. வரிசையில் நிற்பவர்களை விற்பனையாளரால் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். ஆனால் தானும் சேர்ந்து சிரித்தது அவருடைய நடத்தை. அதையே மனுவில் எழுதுங்கள்.

கேள்வி (ஒரு விற்பனையாளர்): ஐயா, எல்லாப் பழியும் எங்கள் மீதே விழுகிறது. கிடங்கிலிருந்து பருப்பு பாதிதான் வந்தால் நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பொருள் பாதி வந்தால், வந்த நாளையும் அளவையும் அன்றே பலகையில் எழுதிவிடுங்கள். வழங்கும் வரிசையை மாதந்தோறும் மாற்றி, அந்த அட்டவணையைக் கடை வாசலில் ஒட்டி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாக நடந்துகொள்பவருக்கு அந்த ஒரு படம் பெரிய பாதுகாப்பு.

கேள்வி (முன்பு கேட்ட ஏற்காடு வாசகி): புகார் கொடுத்தால் அட்டையை வெட்டிவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அட்டையை ரத்து செய்ய விற்பனையாளருக்கும் சங்கத்துக்கும் அதிகாரமே இல்லை, அந்த அதிகாரம் வழங்கல் அலுவலர்களுடையது, அவர்களும் விசாரணையின்றி அதைச் செய்யக் கூடாது. இருந்தாலும் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஊரில் அதே நிலையில் உள்ள நான்கைந்து குடும்பங்களைச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுங்கள். பழிவாங்கும் அச்சம் இருப்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். அடுத்த மூன்று மாதமும் பொருள் வாங்கிய தேதி, அளவு, வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பொருள் வாங்காமலேயே வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால், அன்றே 1967க்கு அழைத்துப் பதிவு எண்ணை அந்த நோட்டில் எழுதிவையுங்கள். இதற்கிடையில் அம்மாவுக்கான அங்கீகாரப் படிவத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். விசாரணை முடியும் வரை வீட்டில் அடுப்பு காத்திருக்காது.