பிசிராந்தையார் வந்தார்

கேள்வி: பேராவூரணியில் இருக்கும் என் பால்ய நண்பனின் அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. வேலை நெருக்கடியில் போக முடியவில்லை. வாட்ஸ்அப்பில் இரங்கல் அனுப்பினேன். அதிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நண்பர்களாக இருக்கவில்லையா? நட்புக்கு நேரில் போவது அவ்வளவு முக்கியமா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: பிசிராந்தையாரை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டிமன்ற மேடைகளில் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திக் கைத்தட்டல் வாங்குகிறார்களே, அவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. 'முகமே பார்க்காத நட்பு!' என்று குரலை உயர்த்துவார்கள். அதோடு சரி.

மீதியைக் கேளுங்கள். பெற்ற பிள்ளைகளே பகையாகிவிட, உறையூர்ச் சோழன் ஆற்றங்கரையில் வடக்கிருக்கிறான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிரை விடத் துணிகிறான். பாண்டிய நாட்டுப் பிசிரிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான். கூட இருந்தவர்கள் நம்பவில்லை. அரசன் விடவில்லை. 'செல்வக் காலை நிற்பினும், அல்லற் காலை நில்லலன்' என்கிறான், புறநானூறு 215-ல். நான் நன்றாக இருந்தபோது அவர் வராமல் இருந்திருக்கலாம், கஷ்டத்தில் வராமல் இருக்க மாட்டார் என்று அர்த்தம். அதே மாதிரி ஆந்தையார் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து உயிரையும் விட்டார். அவர் பெயர் நிலைத்தது பார்க்காமல் இருந்ததற்காக அல்ல, வந்ததற்காக. உங்கள் கட்சிக்கு அவர் சாட்சி சொல்ல மாட்டார்.

எனக்கு அவரைவிடப் புலவர் பொத்தியார்தான் ஒரு படி மேல். அவருக்கு எந்த மேடையிலும் ஒரு நிமிஷம் கிடைப்பதில்லை. உறையூரில் அரசனோடு கூடவே வாழ்ந்தவர். நானும் வடக்கிருக்கிறேன் என்று நின்றவரை, மனைவி பிள்ளை உண்டாகியிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். அவன் இல்லாத ஊருக்குள் தனியாக நுழைகிறார். பல வருஷம் சோறு போட்டு வளர்த்த யானையைப் பறிகொடுத்த பாகன், வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அழுவானே, அப்படி அழுதேன் என்று பாடுகிறார். மகன் பிறந்ததும் திரும்பி ஓடுகிறார். அங்கே அரசன் நடுகல்லாகிவிட்டான். அந்தக் கல்லைப் பார்த்து, என்னைப் போகச் சொன்ன அன்பில்லாதவனே, என் இடம் எது என்று கேட்கிறார். அந்த உரிமை கூடவே இருந்து பழகியவருக்குத்தான் வரும். நான் தமிழாசிரியராக இருந்தால் அந்தப் பாட்டைத்தான் முதலில் நடத்துவேன்.

சரி, உங்கள் நண்பர் ஊருக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, ரோடெல்லாம் மரம். அப்போது அந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மரம் அறுக்கும் மெஷின், முன்னால் பெட்ரோல் கேன், ஹேண்டில்பாரில் மெழுகுவர்த்தியும் கொசுவத்தியும் போட்ட மஞ்சப்பை. எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. மெஷினை ஸ்டார்ட் செய்து வாசலை அடைத்துக் கிடந்த மரத்தை அறுக்க ஆரம்பித்துவிட்டார். அதுவரை கல்லாக நின்ற வீட்டுக்காரர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். தென்னம்பிள்ளை வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அந்த வயிற்றெரிச்சலை எந்த மெசேஜ் ஆற்றும்?

நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும். இது தெரியாத ஊரில் நீங்கள் பிறக்கவில்லை. எடுப்புக்குப் போகவில்லை, சரி. கருமாதிக்காவது போயிருக்கலாம். உங்கள் நண்பர் கோபப்பட்டது நியாயம். கோபப்படும் அளவுக்கு உங்களை இன்னும் உரியவராக நினைக்கிறார், அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். பிந்தி வந்தவரை எந்தத் துக்க வீடும் வாசலோடு அனுப்பாது. மன்னார்குடியிலிருந்து மதுக்கூர், பட்டுக்கோட்டை தாண்டினால் பேராவூரணி, போகிற தூரம்தான். போய் முதலில் நண்பரின் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். வேலை நெருக்கடியைப் பற்றி அங்கே வாய் திறக்காதீர்கள். அவர் அந்தக் கடைசி நாட்களைச் சொல்ல ஆரம்பித்தால் முழுக்கக் கேளுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வருஷத் திதி என்றைக்கு என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் நேரில்தான் போக வேண்டும்.