மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னது?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாக மலத்தோடு அவ்வப்போது ரத்தம் போகிறது. உடம்பும் இளைத்துவிட்டது. கேட்டால், "மூலச் சூடு" என்று இளநீர் குடிக்கிறார், லேகியம் தின்கிறார். சர்க்கரைக்காரர்களுக்குக் குடல் புற்றுநோய் வரும் என்று நாத்தனார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உண்மையா? ஆட்டுக்கறியை நிறுத்திவிடவா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: நாத்தனார் சொன்னதில் உண்மை இருக்கிறது, சகோதரி. ஆனால் பாதிதான். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஒரு பேச்சுக்கு, சர்க்கரை இல்லாத ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வையுங்கள். சர்க்கரை உள்ள ஆயிரம் பேரில் அது பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். மீதிப் பேருக்கு வருவதில்லை.

ஏன் கூடுகிறது? இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின், செல்களை வளரத் தூண்டும் தன்மையுடையது; குடலின் உட்சுவரையும் அது விடுவதில்லை. தொப்பை, நடையில்லாத வாழ்க்கை, புகை, மது ஆகியவை இரண்டு நோய்க்கும் பொதுவான காரணங்கள். மெட்ஃபார்மின் மேல் சந்தேகப்பட வேண்டாம். அதைச் சாப்பிடுபவர்களிடம் இந்தப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன.

எனக்குக் கவலை தருவது அவருடைய சர்க்கரை அல்ல, அந்த லேகியம்தான். நம் ஊர்ப் பக்கம் பஸ் நிலையச் சுவர்களில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து, ரத்தம் என்றாலே மூலம் என்று நாமே தீர்ப்பு எழுதப் பழகிவிட்டோம். பெரும்பாலும் மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? மூலமும் புற்றுநோய்க் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஒன்று கண்ணில் பட்டதால் மற்றொன்று இல்லை என்றாகிவிடாது.

சர்க்கரைக்காரர்களிடம் இன்னொரு சிக்கல். இளைத்தால் "சர்க்கரை இளைப்பு", சோர்ந்தால் "மாத்திரைச் சோர்வு", மலச்சிக்கல் வந்தால் "நரம்புத் தளர்ச்சி" என்று எல்லாப் பழியும் சர்க்கரை மேலேயே விழுந்துவிடுகிறது. அவருடைய ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு? 56 வயது ஆணுக்கு ரத்தம் குறைந்திருந்தால், இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்து அனுப்புவது வைத்தியமாகாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறைந்தும் சோகை வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை உள்ளதைவிடக் குறைத்துக்கூடக் காட்டலாம். "சுகர் நல்லா இறங்கிருச்சு" என்று அவர் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியை நம்பாதீர்கள்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. இவருக்கு ரத்தம் கண்ணிலேயே தெரிகிறது. டாக்டர் முதலில் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார். ஒரு நிமிட வேலை. கூச்சப்பட்டு இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். அடுத்து கொலோனோஸ்கோபி. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலின் உட்பக்கத்தைப் பார்ப்பது. குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறி வருவது. சிறிய பாலிப்பைப் பார்த்த கையோடு அந்தக் குழாய் வழியாகவே அகற்றிவிடலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குடல், இரைப்பை நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

கறிக்கு வருகிறேன். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், ஆடு, மாடு, பன்றி இறைச்சியை 'அநேகமாக' உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நிறுத்தச் சொல்லி உங்கள் வீட்டில் சண்டை மூட்ட எனக்கு விருப்பமில்லை. அளவைக் குறையுங்கள், அதே இலையில் கீரையும் அவரைக்காயும் கூடுதலாக விழட்டும். புகை, மது இருந்தால் அவற்றை விடுவது கறியை விடுவதைவிட அவசரம்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். ரத்தம் அதிகமாகப் போனாலோ தலை சுற்றினாலோ, வாரம் பார்க்காமல் அன்றைக்கே. அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்துவைத்துக்கொண்டு, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள் நீராகாரம் மட்டும், கூடவே பேதி மருந்து. அந்த இரண்டு நாளும் எந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினியில் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மயக்க ஊசி போடுவார்கள் என்பதால் அன்று அவர் வண்டி ஓட்டக் கூடாது. கூட ஓர் ஆள் போக வேண்டும்.