தெர்மல் ஸ்பிரே போட்டால் சாஃப்ட் உடையுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தேய்ந்த பம்ப் சாஃப்ட்டை (சுழல்தண்டை) 50 மி.மீ.யிலிருந்து 48-க்குக் கடைந்து, ஆர்க் ஸ்பிரேயில் (மின்பொறியில் கம்பியை உருக்கிப் பீய்ச்சும் தெர்மல் ஸ்பிரே) எஃகு ஏற்றி மறுபடி 50 ஆக்கினோம். பழைய வலு இருக்குமா?

இருக்காது. ஏற்றிய படலம் தேய்மானத்துக்குத்தான், சுமைக்கு இல்லை. துளித்துளியாக விழுந்து அப்பளம் போலத் தட்டையாகி அடுக்கிக்கொண்ட உலோகம் அது, இடையிடையே ஆக்ஸைடும் நுண்துளையும் இருப்பதால் இழுவிசை வந்தால் சீக்கிரம் விட்டுவிடும். 48 என்றே கணக்குப் போடுங்கள். வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது, எனவே அந்த 2 மி.மீ.க்கே சுமார் 11.5 சதவீதம் போய்விட்டது. இதைவிட நான் பயப்படுவது கடைசல் முடிகிற ஓரத்துக்கு. அங்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள், கூர்மையாகத் தட்டுப்பட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். அடுத்த முறை அந்த மூலைக்கு நல்ல ரேடியஸ் (உருண்ட வளைவு) கொடுத்துவிட்டு ஸ்பிரே செய்யுங்கள்.

கேள்வி: எச்.வி.ஓ.எஃப். முறையில் (எரிபொருளும் ஆக்ஸிஜனும் எரியும் அதிவேகச் சுடரில் தூளை வீசும் ஸ்பிரே) டங்ஸ்டன் கார்பைடு போட்டால் ஃபேட்டிக் வலிமை (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறன்) கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். பாதி உருகிய துகள்கள் அதிவேகத்தில் மோதுவதால் ஷாட் பீனிங் (சின்ன உலோகக் குண்டுகளால் அடிப்பது) செய்த மாதிரி எஃகின் மேற்பரப்பில் அமுக்க அழுத்தம் தங்கும், அது நல்லது. ஆனால் அதற்கு முன் செய்யும் கிரிட் பிளாஸ்டிங்கில் (கூரான துணுக்குகளைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்குவதில்) சின்னச் சின்ன வெட்டுகள் விழும், அலுமினா துணுக்குகளும் குத்தி நிற்கும்; எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு அது பாதிக்கும். உங்கள் ஆள் அழுத்தத்தைச் சோதிக்கும் ஆல்மன் பட்டை வைத்துப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரே செய்து ஆறவிட்ட மெல்லிய எஃகுப் பட்டை கோட்டிங் பக்கமாகப் புடைத்தால் அமுக்கம், சரி. அந்தப் பக்கம் குழிந்தால் இழுவை, அந்த செட்டிங்கில் சாஃப்ட்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஹார்டு குரோமுக்குப் (மின்முலாமாக ஏற்றும் கடினமான குரோமியம்) பதிலாக எச்.வி.ஓ.எஃப். கார்பைடுக்கு மாறலாமா?

தாராளமாக. விமானங்களின் லேண்டிங் கியரிலேயே மாறிவிட்டார்கள். குரோமில் பிறவியிலேயே நுண்விரிசலும் இழுவை அழுத்தமும் உண்டு, முலாம் தொட்டியில் ஹைட்ரஜனும் எஃகுக்குள் போய் அதை எளிதில் முறியச் செய்யும், அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற உயர்வலு எஃகைச் சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். ஸ்பிரேயில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், பாகம் ரொம்ப வளைந்து கொடுக்கிற இடமென்றால் கார்பைடு வெடித்து உரிந்துவிடும், அங்கே போடாதீர்கள்.

கேள்வி: கிராங்க்சாஃப்ட் ஜர்னலோடு (பேரிங்கில் சுழலும் பகுதி) அதன் ஓரத்து ஃபில்லட்டுக்கும் (உருண்ட மூலை) சேர்த்து அடிக்கலாமா?

கூடாது. அதிக அழுத்தம் குவிகிற இடமே ஃபில்லட்தான். கிரிட் கூட அதன்மேல் படாதபடி மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு ஜர்னலை மட்டும் அடியுங்கள்.